நிற்க வைத்துக் காட்டிய டிராக்டர்

எங்கள் அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அண்ணனின் படமும் பிறப்பு விவரமும் முன்பக்கத்தில் முறைப்படி இருக்கின்றன. இந்தக் கட்டுரையையும் முறைப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"நடந்ததை எழுதுங்க அம்மிணி. எம்பட சொந்தக்காரருன்னு பாக்க வேண்டாம்" என்றார்.

அந்தச் சொந்தக்காரர்தான் அண்ணனுக்குப் பழைய டிராக்டரை விற்றவர். அண்ணிக்குப் பெரியப்பா மகன். அவர் பெயரை இதில் அச்சிடப் போவதில்லை. அச்சில் பெயர் வருவது ஒரு மரியாதை.

அண்ணன் வேலம்பாளையத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தறி வேலை. தறியில் வருமானம் நின்றபோது அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தது அந்தச் சம்பளம். பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனார். அதன்பிறகு வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்தார். பழனிக்கு நடந்து போகிற நாட்களைத் தவிர அவர் யூனிட்டைப் பூட்டி நான் பார்த்ததில்லை. பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தானே வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்.

யூனிட்டில் எந்த மெஷினும் புதிது கிடையாது. எல்லாம் ஏற்றுமதிக் கம்பெனிகள் கழித்துவிட்டவை. நம் ஊரில் பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி கொடுக்காமல் வெறுமனே ஓடவிட்டுக் காது கொடுப்பார்கள். அண்ணன் கூடவே உள்ளங்கையையும் மெஷின் மேல் வைப்பார். சத்தத்திலும் அதிர்விலும் எல்லாம் தெரிந்துவிடும் என்பார். தையல் மெஷினில் அவர் கணிப்பு தவறியதே இல்லை. மற்ற யூனிட்காரர்களும் அவரைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் வாங்குவார்கள்.

கணியூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கி, நடுவில் வாழை வைத்தார். பெரிய டிராக்டர் அந்த இடைவெளியில் நுழையாது. இப்போது கம்பெனியே செய்யாத ஒரு பழைய சின்ன டிராக்டர் அதற்குச் சரியான அகலம் என்று கேள்விப்பட்டார். விசாரித்ததில் அதே மாடலில் இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. இரண்டையும் பார்க்க அண்ணனோடு நானும் போனேன்.

முதல் வண்டி உடுமலை பக்கம் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் இருந்தது. முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிக் கோத்திருந்தார். பெயின்ட் மட்டும் உரிந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். அண்ணன் முகம் சுளித்தார்.

"என்னங்க, சத்தம் இப்பிடி வருது?"

"பழைய எஞ்சினுங்க, அது பேச்சே அப்பிடித்தானுங்க. மேட்டுல ஏத்தி நிறுத்திப் பாருங்க, ஒரு அங்குலம் நகராது."

"பெயின்ட்டாவது அடிச்சிருக்கலாமுங்களே?"

"ஏனுங்க, உழுகறதுக்கு வண்டி பாக்கறீங்களா, கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கறீங்களா?"

அண்ணன் சிரித்தார். ஆனால் ஏறி ஓட்டவில்லை. அவர் காது கேட்டது அந்த டக் டக்கை மட்டும்தான்.

இரண்டாவது வண்டி, பழைய வண்டிகள் வாங்கி விற்கும் அந்தச் சொந்தக்காரரின் யார்டில் நின்றது. விலை குறைவு. சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. நாங்கள் வருகிறோம் என்று சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். எஞ்சின் தையல் மெஷின்போல ஒரே சீராக ஓடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் கை வைத்தார். பிரேக்கை ஒருமுறை மிதித்தார். விறைப்பாக இருந்தது.

"மச்சான், சத்தம் சுத்தமா இருக்குதுங்க."

"மாப்ள, வேற ஆளா இருந்தா ஓட்டிப் பாக்கோணும்பான். கை வெச்சாலே மெசினுக்குள்ள இருக்கறதைச் சொல்ற ஆளு, உங்களுக்கென்னத்துக்கு அதெல்லாம்?"

நான் குறுக்கிட்டேன். "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடலாமுங்களே?"

"அம்மிணி டீச்சருங்கல்ல? பரீச்சை வெக்காம பாஸ் போட மாட்டீங்க!"

யார்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அண்ணன் சிரித்ததை நான் மறந்துவிடுவேன். அந்தச் சொந்தக்காரர் சிரித்ததை மறக்க மாட்டேன்.

அண்ணன் அந்த வண்டிக்கே பணம் கொடுத்தார். விற்றவர் அதைத் தன் செலவிலேயே மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தோப்பில் இறக்கினார். சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, "மாப்ளைக்கு அந்தச் செரமம் எதுக்குங்க" என்றார். உறவின் பெருந்தன்மை என்று நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தோப்புக்குப் போனோம். சமதரையில், உழுத மண்ணில், மெதுவாகப் போகிற வண்டிக்குப் பிரேக்கே தேவைப்படாது. அண்ணன் வரிசைக்கு வரிசை சந்தோஷமாக ஓட்டினார். கல்லூரியில் படிக்கும் என் மகள் சக்கரத்தின் மேல்தகட்டில் உட்கார்ந்து, மாமா ஓட்டுவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டே போனாள். அடுத்த வயலுக்குப் போக வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். மேட்டடியில் அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"எறங்கு கண்ணு. மேட்டுல ரெண்டு பேரு வேண்டாம். மொதல்ல நான் போய்ப் பாத்துக்கறேன்."

"போங்க மாமா, எனக்கொண்ணும் பயமில்லைங்க."

"உங்கொம்மா அங்கிருந்து முறைக்கறா பாரு. எறங்கு சாமி."

அவள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மேடேறி, அந்தப் பக்கச் சரிவில் இறங்கினார். "பிரேக்கு, பிரேக்கு" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. நான் ஓடி மேட்டில் ஏறியபோது வண்டி வாய்க்காலில் தலைகீழாகக் கிடந்தது. அண்ணன் அதன் அடியில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு என் மகள் டவுன் பஸ்ஸில் ஏறினால்கூட, போய்ச் சேர்ந்தேன் என்று அவள் சொல்லும்வரை எனக்கு வகுப்பில் பாடம் ஓடுவதில்லை. அவள் அன்று பிடித்த படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது. இருவரும் பார்த்ததில்லை.

வண்டியை விற்றவர் துக்கம் விசாரிக்க வந்து அண்ணியிடம் அழுதார். என்னிடம் வந்து, "அந்தச் சனியன் இனி உங்க கண்ணுல பட வேண்டாமுங்க அம்மிணி. நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். அழுகைக்கு நடுவே வண்டியை அவர் மறக்காதது எனக்கு உறுத்தியது. இருக்கட்டும் என்றேன். உடுமலை மெக்கானிக்கை வரவழைத்துச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன்.

உள்ளே பிரேக் பட்டை என்று ஒன்றுமே இல்லை. பிரேக் மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டு பாதியில் உடைந்திருந்தது. மிதித்தால் தொளதொளவென்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, அதைக் கம்பியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காலுக்கு விறைப்பாக இருக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. அந்தக் கம்பியின் மேலும் அதே சிவப்புப் பெயின்ட். கம்பியைக் கட்டிய பிறகுதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

கம்பியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். அவர் பார்த்தார். முகம் மாறவில்லை.

"பழைய வண்டின்னா நாலும் இருக்குமுங்க. மாப்ள பாத்து வாங்கியிருக்கோணும்."

இறந்த மனிதர் மேலேயே பழியைப் போட்டார். காவல் நிலையத்தில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து, "போனவரு திரும்பி வரப்போறாருங்களா? வண்டியைக் குடுத்துட்டு உட்டுருங்க அம்மிணி, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கோணுமில்ல" என்றார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். வண்டி அவர் கைக்குப் போனால் மறுபடி பெயின்ட் ஏறும், சந்தனம் ஏறும், இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுப் பிள்ளையை மேட்டடியில் இறங்கு என்று சொல்ல அங்கே எங்கள் அண்ணன் இருக்க மாட்டார்.

வண்டியை கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுக்க வைத்தேன். எஞ்சினையும் விடவில்லை. அறுத்து முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தேன். மனம் ஆறியதா என்று கேட்டால், ஆறவில்லை.

தோப்புக்கு வண்டி வேண்டுமே. மெக்கானிக்கிடம் இருந்த டக் டக் வண்டியையே அண்ணி வாங்கினார். அதே வாய்க்கால் மேட்டில் ஏற்றி, சரிவில் நிறுத்திக் காட்டச் சொன்னேன். நின்றது. மறுபடி சொன்னேன். நின்றது. "போதுமுங்களா டீச்சர்?" என்று மெக்கானிக் கேட்டார். இன்னொரு தரம் என்றேன். சிரிக்காமல் செய்தார்.

டிராக்டர் விற்றவரை இன்றைய திதிக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைத்திருக்கிறேன். அவருக்கும் இலை உண்டு. அண்ணன் படத்தின் பக்கத்தில் ஒரு தட்டில் அந்தக் கம்பியை வைத்திருக்கிறோம். பூப் போட வருகிறவர்கள் கையில் எடுத்துப் பாருங்கள். அவரும் பூப் போட்டுத்தான் ஆக வேண்டும். அவர் அந்தத் தட்டைத் தாண்டிக் கை நீட்டுவதை நானும் அண்ணியும் எதிரில் நின்று பார்ப்போம். மன்னித்துவிடு என்று யாரும் என் காதில் சொல்ல வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வாய்க்காலில் இறங்கி வெறும் கையால் வண்டியைத் தூக்கிய பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு இருந்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை ஊருக்குப் போகாமல் கூடவே இருந்து, இன்று யூனிட்டை நடத்திக் கொண்டிருக்கும் பீகார்ப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியையும் குறைக்காமல் அச்சடித்த அச்சகத்தாருக்கும் நன்றி. இத்தனை பிரதி எதற்கு என்று அவர் கேட்டார். யார்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஒரு கட்டு என்றேன்.

அந்த அண்ணாச்சிக்குத்தான் பெரிய நன்றி. தயங்கிக்கொண்டே கேட்டேன். "வச்சிட்டுப் போங்கக்கா. வண்டி பாக்க வாரவுக எல்லாம் இங்கதான டீ குடிக்காவ. பேப்பரோட சேத்துப் போட்டு வைக்கேன்" என்றார்.

தீர்ந்ததும் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டாம் என்று அச்சகத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன்.