வாடகை வீட்டுக்கு ஆத்தா வந்தாள்

சித்திரபானு வருஷம் மாசி மாதம், வீட்டைக் காலி செய்யக் கோர்ட்டு அமீனா வருவதாகச் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தது அம்மா, தங்கை செல்லம்மாள், நான். அப்பா இல்லை. அப்பா பினாங்கில் மளிகைக் கடை வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே இறங்கியதிலிருந்து கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட எங்களுக்கு ஆள் இல்லை.

கூழ் ஊற்ற வந்திருக்கிற தாய்மார்களே, அண்ணன்மார்களே, எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. எழுதிக் கொண்டுவந்ததை அப்படியே படிக்கிறேன்.

எங்களுக்கு ஊர் ஆண்டிமடம் பக்கம். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இருந்த முந்திரிக்கொல்லையை விற்றுத்தான் அப்பா கப்பல் ஏறினார். போகும் முன் என்னை ஹைஸ்கூலில் சேர்த்து, அரியலூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் மாதம் இரண்டரை ரூபாய்க்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தார். என் படிப்புக்காகத்தான் இந்த வீடு. அதனால் வாடகை நின்றபோது வீட்டுக்காரர் வாசலுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் தலை குனிந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறேழு மாசம் பொறுத்தார். பிறகு ஒருநாள் வந்து தெருவிலேயே நின்று சொன்னார்:

"சர்க்காரே விட்டுட்டு ஓடி வந்த ஊரு அது. அங்கேருந்து உன் புருசன் பணம் அனுப்புவாராம்மா? என் மருமகன் ஸ்டேஷன்ல குட்ஸ் கிளார்க்கா வர்றாரு. எம் பொண்ணு எங்க குடியிருப்பா?"

"நாங்க எங்கங்க போவோம்?" என்றாள் அம்மா.

"பையன் இங்கிலீஷ் படிக்கிறானே, அவனைக் கேளு."

அவர் கோர்ட்டுக்குப் போனார். பாக்கி வாடகையும் கோர்ட்டுச் செலவும் கட்டி வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் காகிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொன்னவன் நான். நான் படித்த படிப்பு அன்றைக்கு அதற்குத்தான் உதவியது. கெடு முடிந்த பிறகும் நாங்கள் போகவில்லை. போக இடமிருந்தால் போயிருப்போம். அம்மா இரண்டு வீட்டில் நெல் குத்திக் கொண்டுவந்த நொய்தான் எங்களுக்குச் சோறு.

அமீனா வரும் நாள் தெரிந்ததும், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். நானும் கூட நின்றேன். அம்மா அழவில்லை. எதிரில் ஆள் இருப்பதுபோலப் பேசினாள்.

"ஆத்தா, நீ எங்க வூட்டுல வந்து உக்காரு. நீ இருக்கிற வூட்ட எவன் காலி பண்ணச் சொல்லுவான்?"

மறுநாள் செல்லம்மாளுக்குச் சுரம். செவ்வாய் விடிந்தபோது நெற்றியெல்லாம் முத்து.

அம்மா வேப்பிலை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். வாழையிலை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். எனக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியிருந்தார்கள். செல்லம்மாளுக்குக் குத்தவில்லை.

வெயில் ஏறும்போது வீட்டுக்காரரும் அமீனாவும், சாமான் தூக்க இரண்டு ஆட்களும் வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் ஆட்கள் தெருக்கோடிக்கே போய்விட்டார்கள்.

வீட்டுக்காரர் நம்பவில்லை. "ரெண்டு கொத்து வேப்பிலை செருகிட்டா வாடகை தீந்து போயிடுமா?"

"உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் அமீனாவைப் பார்த்தார். அமீனா செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, "உத்தரவுல உங்க மூணு பேரத்தாங்க காலி பண்ணச் சொல்லியிருக்கு. ஆத்தாவைச் சொல்லல. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் படிக்குக் கீழேயே நின்று எட்டிப் பார்த்தார். செல்லம்மாளின் முகம் தெரிந்திருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். திரும்பிப் போனார்.

அடுத்த நாள் அவர் சம்சாரம் இளநீர்க் குலையோடு வந்து, படியில் வைத்துவிட்டுத் தெருவில் நின்று சொன்னார்.

"வூடு எங்களது. ஆத்தா வந்திருக்கிறது எங்க வூட்டுக்கு. குறை வைக்காமப் பாத்துக்க."

"குடியிருக்கிறது நாங்க, பெரியம்மா. எம் புள்ள மேலதான் வந்திருக்கா."

"புள்ள உன்னுது, சரி. கூரை யாருது?"

இப்படி இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருக்க, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த செல்லம்மாள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "ஏண்ணே, அப்ப ஆத்தாகிட்ட எவ்வளவு வாடகை வாங்குவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். உதடெல்லாம் முத்து, சிரிக்க வலித்திருக்கும்.

அம்மை இறங்கி முதல் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னே அவள் போய்விட்டாள். தூக்கிப் போக வந்தவர்கள் நாலைந்து பேர்தான். திரும்பி வந்தபோது அம்மா காலி வாழையிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தானே கூப்பிட்டேன், நான்தானே கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. இன்றுவரை தெரியாது.

பங்குனியில் வீட்டுக்காரர் வந்தார். சத்தம் போடவில்லை. "எம் பொண்ணு இந்த வூட்டுக்கு வரமாட்டேங்குது. வேற எவனும் வாடகைக்கு வரப் போறதில்ல. நீங்களே இருந்துக்குங்க. பழைய பாக்கிய முடிஞ்சப்பக் கொடுங்க."

எங்களுக்கு வந்த உதவி இதுதான். செல்லம்மாள் செத்த வீடு என்பதால் எங்களைத் தவிர யாரும் கேட்காத வீடு. நாங்கள் வேண்டினோம், கிடைத்தது. எந்த வழியாகக் கிடைக்கும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நான் பல மாதம் கோயில் பக்கம் போகவில்லை. அம்மா மட்டும் வெள்ளி தவறாமல் போனாள். "எப்படிம்மா உனக்குப் போக மனசு வருது?" என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"வேற யாருகிட்டடா போய்ச் சொல்றது?" என்றாள்.

அன்றைக்கு நானும் கூடப் போனேன். அதற்குப் பிறகு விட்டதில்லை. வேண்டுதல் பலிக்கும் என்பதால் போகவில்லை. எல்லாம் போன பிறகும் அழுவதற்கு ஆத்தா சந்நிதி இருந்தது. ஒட்டாண்டிக்கு அது பெரிய சொத்து. படிப்பை விட்டு நெல் மண்டியில் கணக்கு எழுதப் போனேன். வருஷா வருஷம் அம்மை குத்துகிறவர் வரும்போது எங்கள் தெருப் பிள்ளைகளை நானே கூட்டிப் போகிறேன். அந்த ஊசி பிடிக்கிற கையும் அவள் கைதான் என்று தாய்மார்களிடம் சொல்கிறேன்.

சண்டை முடிந்து கப்பல் விட்ட பிறகும் அப்பா வரவில்லை. அம்மா இதோ இங்கே கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தலைக்கு மேல் கூரை இருக்கிறது.

உங்களில் யாருக்காவது அமீனா வரும் நாள் குறித்திருந்தால், வழி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆத்தாவிடம் போங்கள். அவள் கேட்பாள். பிள்ளைகளையும் கையோடு கூட்டிப் போய் அம்மை குத்தி வையுங்கள். போன தை மாதம் வீட்டுக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுத்து ரசீது வாங்கினேன். பாக்கி வாடகை, கோர்ட்டுச் செலவு எல்லாம் சேர்த்து, அந்த வீட்டில் இருக்க எங்களுக்கு ஆனது நாற்பத்திரண்டரை ரூபாயும் செல்லம்மாளும்.