ஏரிக்கரையில் நாங்கள் கொட்டிய சருகு

தெரு மரங்களைக் கழித்தபோது விழுந்த கிளைகளையும் சருகையும் அயனம்பாக்கம் ஏரியின் உட்கரையில் கொட்டலாம் என்று சுற்றறிக்கை எழுதியவன் நான். அப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். குப்பை வண்டியில் கிளைகளை ஏற்ற மாட்டார்கள். எப்படியும் மட்கிப்போகிற பொருள்தானே என்று முடிவு செய்தேன். கல்லூரியில் முப்பதாண்டு வேதியியல் கற்பித்தவனுக்குக் காய்ந்த இலை என்ன செய்யும் என்று தெரியாமலில்லை. தெரு சுத்தமாக இருந்தது. அது போதும் என்று தோன்றியது.

கோடையில் நீர் வற்றி, கோரையும் புல்லும் பழுப்பேறி நின்றன. ஒரு பிற்பகலில் தீப்பிடித்தது. புல்லில் ஓடிவந்த நெருப்பு எங்கள் சருகுக் குவியலில் தங்கியது. தீயணைப்பு வண்டி வந்து மேலே எரிந்ததை அணைத்துவிட்டுப் போயிற்று. குவியல் உள்ளுக்குள் மூன்று நாள் புகைந்தது. தெருவே சன்னல்களைச் சாத்திக்கொண்டு காத்திருந்தது. என் மனைவிக்கு ஏற்கெனவே நுரையீரல் நோய். நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தேன். பதினோராம் நாள் தனியாகத் திரும்பினேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நோயைப் பற்றிப் பேசினார்கள். சுற்றறிக்கையை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த தை மாதத்தில், ஏரியில் எருமை மேய்க்கும் பெண்மணி ஒருவர் சங்கக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார்.

"இந்த வருசமும் கொட்டப் போறீங்களா சார்? சொல்ட்டீங்கன்னா என் மாட்ட வேற எங்கனா ஓட்டிகினு பூடுவேன்."

யாரோ சிரித்தார்கள்.

"போன தடவ கொட்டச் சொன்னது யாருன்னே தெரியலம்மா" என்றார் புதிய செயலாளர்.

"நான்தான்" என்றேன். "அந்த சர்க்குலர எழுதினது நான். அந்தப் புகையாலதான் என் மனைவி போனா."

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஞாயித்துக்கெழம மம்ட்டி எத்துகினு வா நைனா."

வைக்கோல் போரைச் சுற்றி மண் தெரியப் புல்லைச் செதுக்கி வைப்பது அவர் வீட்டு வழக்கமாம். நெருப்பு வெறும் மண்ணைத் தாண்டாது. அதையே கரை நெடுகப் பத்தடி அகலத்துக்குச் செய்யச் சொன்னார். எட்டுப் பேர் வந்தோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்த ஒருவர் என் பக்கத்தில் நின்றார்.

"சார், அத்த பேனா மாரி புடிக்காதீங்க, கால்ல போட்டுக்குவீங்க."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய குவியலின் மிச்சத்தையும் வாரி அகற்றினோம்.

சித்திரையில் மீண்டும் தீ வந்தது. செதுக்கிய மண்வரை வந்து, தாழ்ந்து, நின்றது. தாண்டிப் பறந்த பொறிகளை ஈரச் சாக்கால் அடித்தோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அவ்ளோதான் நைனா" என்றார் அந்தப் பெண்மணி, முகத்துக் கரியைத் துடைத்தபடி. "இன்னா பெரிய நெருப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். தெருவிலிருந்து மோர் வந்தது. இனி நமக்குப் பயமில்லை என்று பேசிக்கொண்டார்கள், அது உண்மைதான். எட்டுப் பேர், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். போன கோடையிலும் அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. கையில் இருந்த மோரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அவர்கள் கலைந்து போன பிறகும், கருகிய தரையில் எங்கும் புகை எழவில்லை என்று உறுதியாகும்வரை கரையில் நின்றிருந்தேன்.