எலி கடித்ததாகச் சொன்ன கம்பி

யோதாம் ஜெரேயை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்த மகள் தோக்கோ, அதனால் அவன் தோக்கோவப்பா. கிட்வே நகரத்தில் எங்கள் மருத்துவமனையின் கூரைக்குள் இழுத்த கேபிள்களில் முக்கால்வாசி அவன் இழுத்தவை. ஆள் பெரிய உருவம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் எப்படி ஊர்ந்தான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. உள்ளேயிருந்து சர்ச் பாட்டு கேட்கும். பாட்டு நின்றால் கேபிள் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

அச்சடித்து ஒட்டிய சீட்டுகள் கூரைச் சூட்டில் உரிந்து விழுகின்றன என்று, மகளின் நகப்பூச்சை எடுத்து வந்து ஒவ்வொரு கேபிள் நுனியிலும் பொட்டு வைப்பான். வார்டுக்குச் சிவப்பு, லேபுக்கு ஊதா, மருந்தகத்துக்குத் தங்க நிறம். ஆண்பிள்ளை நகப்பூச்சோடு திரிகிறானே என்று நர்சுகள் சிரிப்பார்கள். அவன் தன் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டுவான். அதிலும் சிவப்பு இருக்கும்.

நான் கபாசோ, நெட்வொர்க் பொறியாளன். பெம்பாக்காரன். அவன் ங்கோனிக்காரன். எங்கள் இரண்டு இனத்துக்கும் பழைய சண்டை முடிந்து கேலி உறவு வந்துவிட்டது. என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. அவன் எனக்குக் குரங்குதின்னி, நான் அவனுக்கு எலிதின்னி. தினமும் இப்படித்தான் வேலை தொடங்கும்.

"என்ன எலிதின்னி, மேல எத்தன மாட்டுச்சு?"

"ரெண்டு மச்சான். ஒண்ணு உனக்கு. கொரங்கு தீந்து போச்சாமே உங்க வீட்ல?"

மருத்துவமனையில் வார்டுக் கணினிகள் ஒரு வலை, லேப் ஒன்று, மருந்தகம் ஒன்று. ஒரே கம்பியில் ஓடினாலும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல ஒன்றை ஒன்று பார்க்காது. நடுவில் ரூட்டர் நின்று இதன் பேச்சை அதனிடம் சேர்த்தால்தான் உண்டு. அதை அமைத்துக் கொடுத்தது நான். லேப் முடிவைத் தாளில் தூக்கிக்கொண்டு ஓடிய நர்சுகள் அதன்பிறகு உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் மே மாதம் எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிய வலை வேண்டுமென்றார்கள். எண் நாற்பது. லேப் கட்டடத்தில் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டியிலிருந்து ரூட்டருக்குப் போகும் ஒற்றைக் கம்பியில் எந்தெந்த வலை போகலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. வார்டு, லேப், மருந்தகத்துக்கான பத்து, இருபது, முப்பது அதில் இருந்தன. கூட நாற்பதைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. பட்டியலையே நாற்பது என்று மாற்றிவிட்டேன். மற்ற மூன்றும் ஒரே நொடியில் விழுந்தன. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை செய்கிற தவறுதான். கற்றுக்குட்டிகள் முதல் வருஷத்தில் செய்வார்கள். நான் பதினாறாவது வருஷத்தில் செய்தேன்.

என் தொடர்பும் அதோடு போய்விட்டதால் இருந்த இடத்திலிருந்து திருத்த முடியவில்லை. லேப் கட்டடத்துக்கு ஓடிப்போய்ச் சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினேன். மாற்றத்தை நான் சேமித்திருக்கவில்லை. பழைய பட்டியல் தானாகத் திரும்பி வந்தது. நாற்பது நிமிடம் நின்ற மருத்துவமனை மறுபடி ஓடியது. என் தவறுக்கான தடயமும் அழிந்தது. அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருந்தது. அதைத்தான் சொல்ல நாக்குக் கூசுகிறது.

இமசிக்கு என்ற பெயருடைய நிர்வாகி அம்மா நோட்டோடு வந்தார். லோசிக்காரர், வேறு இனம். எங்கள் கேலிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

"என்ன ஆச்சு, மிஸ்டர் கபாசோ?"

அந்த நேரம் பார்த்துத் தோக்கோவப்பா கூரையிலிருந்து ஒட்டடையோடு இறங்கினான். என் வாய் முந்திக்கொண்டது.

"இதோ வர்றானே மேடம், எலி வேட்டைக்குப் போனவன். எலியோட சேத்துக் கேபிளையும் கடிச்சிட்டான் போல!"

நர்சுகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இமசிக்கு அம்மா மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 'மேடம், விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மாலைவரை நேரம் இருந்தது. ஜூன்வரை இருந்தது.

மறுநாள் அவன் சோதனைக் கருவியோடு என் மேசைக்கு வந்தான்.

"மச்சான், எல்லாக் கேபிளையும் பாத்துட்டேன். ஒண்ணுகூட போகல. அறுந்திருந்தா அதுவா எப்படி ஒட்டும்?"

"எலி வந்து தச்சிருக்கும்டா" என்றேன்.

அவன் சிரித்தான். ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தான். நடந்தது தெரிந்துதான் நின்றான்.

ஒப்பந்தத்தில் இருந்த அவனை ஜூனில் நிரந்தரமாக்குவதாக இருந்தது. 'பணியில் கவனக்குறைவு' என்று தாளில் வந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அவன் சிசொக்கோனே சந்தைப் பக்கம் வீடுவீடாக ஆன்டெனா மாட்டிப் பிழைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சுவிட்சு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் சிவப்பும் ஊதாவுமாகப் பொட்டுகள் என்னையே பார்த்தன. கடைசியில் அலமாரியைத் திறக்க வேறொருவனை அனுப்ப ஆரம்பித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து என் தாய்மாமன் இறந்தார். பெம்பா வீட்டுச் சாவுக்கு ங்கோனிக்காரன் வந்து கூத்தடிக்க வேண்டும், அதுதான் முறை. யார் சொல்லியனுப்பினார்களோ, தோக்கோவப்பா வந்தான். குழிக்குள் இறங்கிப் படுத்து, "ஒரு கெழட்டுக் கொரங்குக்கு இவ்ளோ பெரிய குழியா!" என்றான். அழுதுகொண்டிருந்த அத்தை முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவன் மேலேறியதும், பெட்டியை இறக்க அவனிடம் கயிற்றைக் கொடுத்தார்கள். கையை மேலே தூக்கிவிட்டான்.

"ஐயையோ, நான் தொட மாட்டேன்! அறுந்துச்சுன்னா எலிதின்னி கடிச்சிட்டான்னு எழுதிப்புடுவாங்க!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"இவன் கடிக்கல!" என்று கத்தினேன். "அன்னிக்கு நான்தான் கம்ப்யூட்டர்ல தப்பா அடிச்சேன். கேபிள் அறுந்துபோகவே இல்ல. பொய் சொன்னது நான்தான்!"

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. "குரங்கே ஒத்துக்கிச்சு!" என்றான் யாரோ. என் முதுகில் தட்டினார்கள். முறைப்படி கேலிக்குப் பதில் கேலி என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்து வாசலில் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். சுண்டுவிரலில் நகப்பூச்சு இல்லை.

"நல்ல எடமாப் பாத்துச் சொன்ன, மச்சான்" என்றான் மெதுவாக. "இங்க சொன்னத யாரு கணக்குல வச்சுக்கப் போறா?"

சாப்பிடாமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை இமசிக்கு அம்மாவின் அறைக்குப் போனேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. பட்டியல், நாற்பது, பிடுங்கிச் செருகியது, எலி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது பழக்கதோஷத்தில் என் வாய் ஒருமுறை இளித்தது. அவர் முகம் அசையவில்லை.

இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் பிடித்து என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைய தேதி, நாற்பது நிமிடம், காரணம்: கேபிள், ஜெரே. அதற்குக் கீழே, இப்படிச் சொன்னது யார் என்ற இடத்தில், என் பெயர்.

"இதுக்குக் கீழ உங்க கையாலயே எழுதுங்க" என்று பேனாவை நீட்டினார்.