நீளத் தண்டு மோட்டார்

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நெடுமாறன். வலங்கைமான் பக்கத்திலிருந்த அவன் ஊரில் யாரும் அவனைக் கேட்காமல் ஒரு தண்ணீர் மோட்டார்கூட வாங்குவதில்லை. பட்டறையில் அவன் பார்த்த வேலை, கப்பலின் அடிப்பகுதியில் துருவைச் சுரண்டுவது. அதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மழைக்காலத்தில் ஆற்றங்கரை உடைந்தால் தெற்குத் தெரு தீவாகிவிடும். அதற்காக ஊரார் சேர்ந்து, காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்று வாங்கினார்கள். அதற்கு மோட்டார் வாங்க வார்டு உறுப்பினர் செவ்வந்தி அவனை நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போனாள்.

கடைக்காரர் நௌஷாத் இரண்டு மோட்டார்களைக் காட்டினார். "தண்டு குட்டையா வேணுமா, நீளமாண்ணே?"

நெடுமாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. செவ்வந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீளமே குடுங்க. கப்பல்ல அதான் போடுவோம்" என்றான்.

அவள் பணம் கட்ட உள்ளே போனதும் நௌஷாத் தணிந்த குரலில், "ரப்பர் படகுக்குக் குட்டைதாண்ணே சரி. நீளம்னா விசிறி தண்ணிக்குள்ள ரொம்பக் கீழ எறங்கும்" என்றார்.

"எனக்குத் தெரியும் பாய்."

கார்த்திகையில் கரை உடைந்த அன்று, தெற்குத் தெரு மேகலாவுக்குப் பிரசவ வலி. அவளை ஏற்றிக்கொண்டு, மூழ்கிய வயல்களின் மேல் நெடுமாறன் படகை விட்டான். கூடவே செவ்வந்தியும் இருந்தாள். நூறு அடி போவதற்குள், ஆழத்தில் சுற்றிய விசிறி வரப்பில் மோதி நின்றது. இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ரோட்டை எட்ட முக்கால் மணி நேரம். பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது.

"கடைக்காரரு மோசமான மோட்டாரத் தலையில கட்டிட்டாரு. நம்ம அண்ணன் இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" என்று செவ்வந்தி ஊரெல்லாம் சொன்னாள். நெடுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும், மோட்டாரையும் தூக்கிக்கொண்டு, கடைக்காரரை ஒரு கை பார்க்க அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் திருவாரூர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். திருவாரூர் வந்து, போயும்விட்டது.

கடையில் அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. நௌஷாத் நெடுமாறனையே பார்த்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாதம்மா." நெடுமாறன் குறுக்கே வந்தான். "அவரு சொல்லத்தான் செஞ்சாரு. நாந்தான் கேக்கல. கப்பல்ல நான் துருதான் சுரண்டுனேன். மோட்டாரத் தொட்டதே இல்ல."

செவ்வந்தி நௌஷாத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க பாய்." மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் தான்தான் என்று அவனுக்கு உறைத்தபோது, நௌஷாத் பழையதற்குப் பதிலாகக் குட்டைத் தண்டு மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்று மட்டும் கேட்டாள் செவ்வந்தி.

ஊரில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் மோட்டாரைப் பிடித்து நடந்தார்கள். எதிரே மேகலாவின் புருஷன் வந்தான். "அந்தக் கடைக்காரன நல்லாக் கேட்டீங்களாண்ணே?"

செவ்வந்தி வேறு பக்கம் பார்த்தாள். நெடுமாறன் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.