உள்ளே துணி விடாத ஜாக்கெட்

கிட்ட வந்து உட்காருங்க, மிஷின் சத்தத்துல பாதி காதுல விழாது. கை இறுக்கம், கழுத்து இறக்கம்னு திட்டு வாங்காத ஜாக்கெட் தையல்காரி கிடையாது. நீங்களும் தைக்கிறவங்கன்னா உங்களுக்கே தெரியும். எடப்பாடியில நான் சரோஜாவுக்குத் தைச்ச கதை மட்டும் வேற.

அளவு

மார்புல புற்றுநோய்னு சேலத்துல ஆபரேஷன் பண்ணி, சரோஜாவுக்கு ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. புண்ணு ஆறினதும் கடைக்கு வந்தது அவ இல்லை, அவ புருஷன் மாரிமுத்து. தறி ஓட்டுற ஆள். பழைய ஜாக்கெட்டை எல்லாம் கட்டைப்பையில திணிச்சுக்கிட்டு, பொம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுல நெளிஞ்சுக்கிட்டு நின்னார். "அவளுக்கு வரக் கூச்சமா இருக்குதுங்க. அளவு எனக்குத் தெரியும், ஆனா இத்தனை பேரு முன்னால எப்படிங்கக்கா சொல்றது?"

கம்பு

நானே ஊட்டுக்குப் போய் அளவெடுத்து, பஞ்சு வச்சுத் தைச்சுக் குடுத்தேன். கனமில்லாம அந்தப் பக்கம் மேல மேல ஏறிக்கிச்சு. மாரிமுத்து ரோசனை பண்ணி, துணிப்பையில கம்பு தானியத்தை நிரப்பி அவரே ஒண்ணு மூட்டிக் குடுத்தார். கனம் கச்சிதம். சரோஜா அதை அலசி நிழல்ல போட்டா, காயறதுக்குள்ள முளை விட்டிருச்சு.

கீமோ ஊசியில முடி கொட்டி, சோறு இறங்காம சுருண்டு கிடந்தவ, அதைக் கையில வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. மாமியார் செல்லாயம்மா எட்டிப் பார்த்துட்டு மகனைக் கேட்டாங்க: "ஏன்டா, மாரியாத்தா நோம்பிக்கு மொளப்பாரியை இங்கயே போட்டுட்டியா?"

சீர்

அடுத்து சரோஜாவோட தம்பிக்குக் கல்யாணம். எங்க பக்கம் இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. மாப்பிள்ளையோட கூடப் பிறந்தவ சீர்ப்புடவை கட்டி அவன் பக்கத்துல நிக்கணும். ஒரே தம்பி, சரோஜா உசுரையே அதுல வச்சிருந்தா. அவ சித்திதான், "முடிகூட வளரலை, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க, என் மக நிக்கட்டும்"னு கிளப்பிவிட்டாங்க. சீர்ப்புடவையோட ஜாக்கெட் துணியை என் மேஜையில வச்சு, "சித்தி மக அளவுக்கே தைங்கக்கா"ன்னுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டே போயிட்டா சரோஜா.

பின்னாலயே செல்லாயம்மா வந்தாங்க. பிற்பாடு பிரிச்சுப் பெருசாக்கத் தோதா ஓரத்துல கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறது எங்க வழக்கம். அது அவங்களுக்கும் தெரியும். "என் மருமக அளவுக்குத் தை அம்மிணி. உள்ளே நூலளவு துணி விடாத."

மண்டபம்

சித்தி மக நல்லா வாட்டசாட்டமான புள்ள. முழங்கைக்கு மேல ஜாக்கெட் ஏறலை. "பிரிச்சு விடு"ன்னு சித்தி என்மேல பாய்ஞ்சாங்க. பிரிக்கத் துணி ஏதுங்க? "வேற ஜாக்கெட் போட்டுக்கட்டும்"னாங்க. பொண்ணூட்டுக்காரங்க காதுல விழட்டும்னே செல்லாயம்மா சத்தமாச் சொன்னாங்க: "அதனாலென்னங்க, சீர்ப்புடவைக்குச் சோடி ஜாக்கெட் தைக்க வக்கில்லாத மாப்பிள்ளையூடுன்னு நாலு பேரு பேசிட்டுப் போகட்டும்!"

சித்தி விருட்டுனு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. குட்டை முடியில பூவைக் குத்திக்கிட்டு, அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு சரோஜா வந்தா. தம்பிக்காரன் நகர்ந்து இடம் விட்டான்: "எங்கக்கா வந்தாச்சு, ஆரம்பிங்க."

அளவு சேரலைன்னு திட்டு வாங்கி நான் சந்தோஷப்பட்ட ஒரே ஜாக்கெட் அதுதானுங்க. செல்லாயம்மாவோ சித்தி விட்டுட்டுப் போன முன்வரிசை நாற்காலியில சாவகாசமா உட்கார்ந்து, வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.