இரண்டு விசில்

மார்கழி முடியப்போகிற நேரம். கொரோனா மூன்றாவது அலை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு போட்டிருந்தார்கள். அப்படி ஒரு ஞாயிறு காலையில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பூங்காவுக்கு என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். கேட்டில் பூட்டு. பின்பக்கம் சுவர் இடிந்த வழியாக ஆடுகளே போகும்போது நாங்கள் போனால் என்ன? எனக்கும் ஊரடங்கு நாள்தான் தோதாக இருந்தது. விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸில் பல வருடமாகக் கண்டக்டர் நான். மற்ற நாளில் வெளியே தலையைக் காட்டினால், "இன்னா சார், டூட்டிக்கு வர்றதில்லையா?" என்று எவராவது பிடித்துக்கொள்வார்கள். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

கோடையில் வந்த அலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவன் நான். உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். என் நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. நாலு படி ஏறினால் இரைக்கும். தினமும் நடங்க, மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து எனக்கு அலுத்தேபோய்விட்டது. லீவும் தீர்ந்துவிட்டது. பழையபடி பஸ்ஸில் ஏறுகிறேனா, இல்லை டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிக்கொள்கிறேனா என்று மறுநாள் திங்கட்கிழமை போய்ச் சொல்லியாக வேண்டும்.

டிக்கெட் கிழிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விசில்தான் பயம். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை ஸ்பெஷல் போகும்போது பார்க்க வேண்டும், படிக்கட்டு வரைக்கும் ஜனம் தொங்கும். தொண்டை கிழியக் கத்தினாலும் டிரைவர் காதில் விழாது. ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார், இரண்டு கொடுத்தால் எடுப்பார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. விசில் ஊதத் தெம்பில்லாத கண்டக்டரை நம்பி வண்டியை எடுத்தால், படியில் ஒரு கால் வைத்த மனுஷியின் கதி என்ன?

அன்று கிளம்பும்போது என் மனைவி அந்த விசிலை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "நான் முன்னாடி போய்க்கினே இருக்கேன். நிக்கணும்னா ஒண்ணு ஊதுங்க, போலாம்னா ரெண்டு ஊதுங்க. வாயத் தொறந்து கூப்பிடக் கூடாது" என்றாள்.

"இந்த டிரைவருக்கு பேட்டா உண்டா?"

"மொதல்ல ஊதுங்க. அப்புறம் கேக்கறேன்."

பூங்கா முழுக்கப் பனி. புல்லில் கால் வைத்ததும் செருப்பு நனைந்து வழுக்கியது. மரமல்லிப் பூக்கள் பாதையெல்லாம் கொட்டிக் கிடந்தன. கூட்டுகிற ஆள் வந்து எத்தனை நாளானதோ. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைக் கிளறிக்கொண்டு தங்களுக்குள் சண்டை போட்டது. புதருக்குள்ளிருந்து செம்போத்து ஒன்று எழும்பி அடுத்த புதருக்குத் தாவியது. பஸ்ஸிலேயே காலத்தைக் கழித்தவன் நான், இதையெல்லாம் எங்கே நின்று பார்த்தேன்? அன்றும் ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எப்போது உட்காரலாம் என்பதுதான் என் நினைப்பு.

பாதி சுற்று வருவதற்குள் நெஞ்சு அடைத்தது. விசிலை எடுத்து ஒன்று ஊதினேன். சுமாராக வந்தது. அவள் சட்டென்று நின்றாள். முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அசல் டிரைவர் மாதிரி திரும்பாமலே நின்றாள். நான் புங்க மரத்தில் கையை ஊன்றி இரைப்பு அடங்கக் காத்திருந்தேன். பிறகு இரண்டு ஊதப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றேன், இருமல் பிடித்துக்கொண்டது. போதுமடா சாமி என்று விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்போது கேட்டது, கணீரென்று இரண்டு விசில்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். நாலு எட்டு வைத்ததும்தான் அவளுக்கே உறைத்தது போல. திரும்பி ஓடி வந்தாள். "ஊதிட்டீங்க! ரெண்டும் ஊதிட்டீங்களே! நான் சொன்னேன்ல?" கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. கோடைக்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவளை நம்பவைத்துவிட்டு, திங்கட்கிழமை யார் பஸ்ஸில் ஏறுவது?

உள்ளங்கையில் கிடந்த விசிலைக் காட்டினேன். பிறகு மேலே விளக்குக் கம்பியைக் காட்டினேன். அங்கே ஒரு ரெட்டைவால் குருவி, கன்னங்கரேலென்று, வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாழாய்ப்போன பறவை, எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ரோட்டில் போகிற பஸ்களின் விசிலைக் கேட்டுப் பிடித்துவைத்திருக்கிறது.

அவள் குருவியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"என்னால முடியலடி" என்றேன். இத்தனை மாதமாக டாக்டரிடமும் சொல்லாதது அது. "டிப்போவுலயே உக்காந்துக்கிறேன்னு... நாளைக்குச் சொல்லிடறேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொல்லி முடித்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. எல்லோரும் சொல்கிற "சரியாயிடும்" என்பதை அவள் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் எனக்கு ஆறுதல்.

கம்பியிலிருந்து மறுபடியும் இரண்டு விசில் வந்தது. பழக்கதோஷம், என் கால் தானாக ஓர் எட்டு முன்னே வைத்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது பாட்டுக்கு ஊதிக்கினு இருக்கட்டும். நீங்க நெதானமா மூச்சு உடுங்க" என்றாள். "நீங்க ஏறாம இந்த வண்டி போவாது."