நொதி போடாத தொட்டி

என் அக்கா வீட்டுக்காரரை எண்ணெய் ஆலையில் எல்லோரும் ‘புண்ணாக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பார்க்கும் வேலை அப்படி. பாதாம் பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை அவருடைய அறைக்குத்தான் போகும். வேறு காரணத்துக்காக அப்படிக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. யார் கூப்பிட்டாலும் சிரித்த முகத்தோடு “என்னப்பா?” என்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் அதே ஆலையில் எண்ணெய்ப் புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். அக்கா பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே முதலாளி, ஒரே வீடு. ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் மூன்று பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அத்தானின் சரித்திரம் சுருக்கமானது. வேதியியல் படிக்கப் போனார், பாதியில் விட்டார். சோப்புக் கம்பெனி ஆரம்பித்தார், சோப்பு நுரைக்கவில்லை. கோழித்தீவனம் தயாரித்தார், கோழிகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோயின. அவர் தொடங்கியதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கல்யாணம் ஒன்றுதான், அதையும் ஓட்டுவது அக்கா. சொந்தக்காரர்கள் அவரை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “மாப்ள, பெரிசா ஒண்ணும் வேணாம். இது நான் பண்ணதுன்னு கையில எடுத்துக் காட்ட ஒரே ஒரு பொருள் இருந்தா போதும்.” நான் சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனேன்.

மாட்டுத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்த புண்ணாக்கிலிருந்து பெப்டைடு எடுக்கலாம் என்று முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டு வந்தபோது, அந்த வேலை அத்தானிடம் வந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை. புரதம் என்பது நீளமான சங்கிலி. புண்ணாக்கை வெந்நீரில் கரைத்து நொதியை, அதாவது என்ஸைமைப் போட்டால், அது அந்தச் சங்கிலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும். அந்தத் துண்டுகள்தான் பெப்டைடு. அவற்றில் சில, எண்ணெயில் சிக்கு வாடை வராமலும் தோலில் சுருக்கம் விழாமலும் தடுக்கும் என்கிறார்கள். சுருக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, முதலாளியின் நெற்றியில் நான் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை.

அத்தான் அந்தத் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். சூடு ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. புளிப்பு ஏற ஏற அதை அடக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நேரம் வந்ததும் கொதிக்கவிட்டு நொதியை அடக்க வேண்டும், இல்லையென்றால் அது வெட்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் கசப்பாக்கிவிடும். வடிகட்டி உலர்த்திய பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு “பரவாயில்ல, பரவாயில்ல” என்பார்.

பொடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம் வைத்திருந்தாள். பொடிக் கரைசலை அதில் விட்டால் நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ, பொடிக்குச் சிக்கைத் தடுக்க அவ்வளவு சக்தி. முதல் முறையே திரவம் மஞ்சளாகிப்போனது. இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ச்மேனிடம் சொன்னார், சோப்புக் காலத்து நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னார். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்து, கிரீம் கம்பெனிக்காரரை வரச் சொல்லி நாள் குறித்தார். அன்று மத்தியானம் அக்கா தன் அறை வாசலில் நின்று கேட்டாள்: “கன்ட்ரோல் எங்க?”

“என்ன கன்ட்ரோல்?”

“அதே புண்ணாக்கு, அதே தண்ணி, அதே சூடு. என்ஸைம் மட்டும் போடாம ஒரு தொட்டி.”

“என்ஸைம் போடாம எதுக்குத் தொட்டி? சுடுதண்ணியில புண்ணாக்கு ஊற வைக்கவா என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?”

“வெச்சுத்தான் பாருங்களேன்.”

“ஊரெல்லாம் என்னை நம்பாதது போதாதுன்னு நீயுமா?”

இரண்டு நாள் வீட்டில் சுடுசொல்கூட இல்லை. உப்பு வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உப்பை நான் நகர்த்தி வைக்க வேண்டும். மூன்றாம் நாள் அத்தானே நொதி போடாத தொட்டியை வைத்தார். அக்காவின் வாயை அடைக்கத்தான் வைத்தார்.

அதுவும் மஞ்சளானது. எண்பத்தைந்து.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா மெதுவாகச் சொன்னாள்: “பருப்பைத் தோலோட பிழியறோம் இல்ல? அந்தப் பழுப்புத் தோல்லயே இந்தச் சக்தி இருக்கு. அது தண்ணியில இறங்கி நிறத்தை வெளுத்துடுது. நீங்க தொட்டி பக்கத்துல நின்னாலும் ஒண்ணுதான், நிக்கலைன்னாலும் ஒண்ணுதான்.”

கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கலாம். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அத்தான் கோபப்படவில்லை. தொட்டியைக் கழுவினார். கழுவிய தொட்டியை மறுபடியும் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக்கு வந்தேன். அத்தான் ஒரு பெரிய பாத்திரத்தில் பாதாமை வெந்நீரில் போட்டு வைத்திருந்தார். எதிரே அக்கா. இரண்டு பேரும் பேசாமல் உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். ஒவ்வொன்றையும் விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிக்கொண்டு அடுப்புக்கு அடியில் ஓடும். பாதி விடுமுறையை நான் தரையில் தவழ்ந்தே கழித்தேன். ஒரு பருப்பு அக்காவின் மூக்குக்கண்ணாடியில் போய் அடித்தபோது இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். உப்புக்கு இனி என் தேவை இருக்காது என்று புரிந்தது.

உரித்த பருப்பை ஆலை அடுப்பில் உலர்த்தி, சின்ன இயந்திரத்தில் பிழிந்தார்கள். வெள்ளைப் புண்ணாக்கு வந்தது. அத்தான் இரண்டு தொட்டி வைத்தார், ஒன்றில் நொதி, ஒன்றில் வெறும் தண்ணீர். அக்கா இரண்டு சோதனைக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். வெறும் தண்ணீர்க் குழாய் கத்தரிப்பூவாகவே நின்றது. நொதிக் குழாய் மஞ்சளாகவில்லை. கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் வெளுத்தது.

“எவ்வளவு?” என்றார் அத்தான்.

“முப்பது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். முதலாளி என்னைக் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். ஆனா அவர் என்னைக் கேக்க மாட்டார், உங்களைத்தான் கேப்பார்.”

கிரீம் கம்பெனிக்காரர் வந்த அன்று நான் பெட்டிகளை முதலாளி அறைப் பக்கமாகவே அடுக்கினேன். தொண்ணூறு என்றே சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. முதல் பொடியும் மஞ்சளாக்கத்தானே செய்தது? முதலாளி உற்சாகமாக, “சொல்லுப்பா, நம்ம பெப்டைடு எவ்வளவு?” என்றார்.

“முப்பதுங்க.”

வந்தவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அத்தானைப் பார்த்தார்.

“தொண்ணூறுன்னு சொன்னியே?”

“அது தோல் பண்ணதுங்க.” அத்தான் மேஜையில் இருந்த வெள்ளைப் புண்ணாக்குப் பொடியின் சின்னப் புட்டியை எடுத்து, வந்தவர் பார்க்கும்படி நீட்டினார். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. “இந்த முப்பது நான் பண்ணது.”